நம் ஊர்ப் பள்ளிக்கூடமும் நம் தீர்மானப் புத்தகமும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க அக்கா என்று நம் கூட்டமைப்புச் செயலாளர் தங்கச்சி கேட்டபோது, எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சேமிப்பு எவ்வளவு, சுழல்நிதி எப்போது வந்தது, வங்கிக் கடன் எத்தனை தடவை வாங்கித் திருப்பிக் கட்டினோம் என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். அது எழுத வேண்டியதுதான். ஆனால் தகரப் பெட்டியைத் திறந்து பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்துப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. கடனுக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் தீர்மானம் போட்டிருப்பது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். அதில் பாதிக்கு மேல் நிறைவேறாத தீர்மானம். நிறைவேறாததையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது அறிவொளியில். 1991, 92ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ராந்தல் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று வயிற்றில். அந்த வருஷத்தில்தான் மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிள் பழகினோம். கல்லுடைக்கிற பெண்கள், வயல்வேலைக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடி அம்மாக்கள் எல்லோரும் ஓட்டினார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா பெயரை எங்கள் வயதுப் பெண்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எங்கள் மனுவை ஒவ்வொரு ஆபீஸாகக் கொண்டுபோனது அந்தச் சைக்கிள்தான். ஆபீஸில் கொடுத்த பதிலைப் படித்துப் புரிந்துகொண்டதும் அந்த ராந்தல் வெளிச்சத்துப் படிப்பால்தான்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989ல் தர்மபுரியில் ஆரம்பித்தன. ஐஃபாட் என்ற சர்வதேச நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. 1997-98ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியபோது நாங்களும் சேர்ந்தோம். முதல் குழுவில் நாங்கள் 16 பேர். ஊக்குநர் ஒருத்தி, பிரதிநிதிகள் இரண்டு பேர். கூட்டம் போட இடம் கிடையாது. மரத்தடியில் போட்டால் ஆண்கள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது இருந்த தலைமை ஆசிரியை டீச்சர்தான், "சனிக்கிழமை சாயந்தரம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில உட்காந்துக்கங்க, போகும்போது கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொன்னார்கள். ஆக நம் குழு பிறந்த இடமே பள்ளிக்கூடத் தாழ்வாரம்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் காரை விழுந்தது. 2009 ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. சந்தாப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். மேலே சத்தம் கேட்டது. ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து பாயின் நடுவில் விழுந்தது. பணப்பெட்டியின் மூடி நசுங்கியது. ஒருத்திக்குத் தோளில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. எழுந்து மேலே பார்த்தால் துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரி தெரிகிறது. "நல்லவேளை நாமதான் உட்காந்திருந்தோம்" என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திங்கட்கிழமை அதே இடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் கடன் தீர்மானத்துக்குக் கீழே, பள்ளிக் கட்டடத்தைச் சரிசெய்ய மனு கொடுப்பது என்று எழுதி 14 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு பேர் பயந்துகொண்டு போடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, வீட்டுக்காரர்கள் ஒன்றியத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் போனோம். அவர்கள் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார்கள். ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கும் பதில் வரவில்லை. "நான் இதுக்கு மேல எழுதினா, மேடம் ரொம்ப எழுதுறாங்கன்னு பேர் வந்துரும்மா. நீங்க போய்க் கேளுங்க" என்றார்கள். ஒரு தலைமை ஆசிரியைக்கே இந்த நிலைமை என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் சொன்னார்கள். ஆனாலும் போனோம்.

முதலில் உதவித் தொடக்கக் கல்வி அலுவலகம். ஏ.இ.இ.ஓ. ஆபீஸ் என்போம். அங்கே இருந்தவர், "ஏம்மா, கட்டடம் எங்களோடது இல்ல. ஆசிரியர் வந்தாரா, பாடம் நடத்துனாரா, அது எங்க பொறுப்பு. கட்டடத்துக்கு யூனியன் ஆபீஸைப் பாருங்க" என்றார். யூனியன் ஆபீஸுக்குப் போனால் அங்கே இரண்டு பி.டி.ஓ. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. நாம் எந்த பி.டி.ஓ.வைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே இரண்டு நடை. சரியானவரைப் பார்த்தபோது, "ஸ்கூல்ல இருந்து கடிதம் கல்வித்துறை வழியா வரணும். வந்தா இன்ஜினியரை அனுப்புறோம்" என்றார். கல்வித்துறையோ யூனியனைப் பார்க்கச் சொல்கிறது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று நான்கு பேர் மாறி மாறி ஐந்து தடவை போனோம். ஐந்தாவது தடவை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அப்ப இந்தப் பள்ளிக்கூடம் யாரோடது?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கேட்டு, படித்து, பழைய ஆசிரியர்களிடம் உட்கார்ந்து பேசி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் தலையில் காரை விழுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் பகுதி 1948 வரைக்கும் சமஸ்தானம். அதற்குப் பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்து, 1974ல்தான் தனி மாவட்டம் ஆனது. பக்கத்து மாவட்டங்களில் அந்தக் காலத்துக் கிராமப் பள்ளிகள் ஜில்லா போர்டு பள்ளிகளாக இருந்தன. வயசானவர்கள் போர்டு ஸ்கூல் என்று சொல்வது அதனால்தான். 1954ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளியாவது திறக்க வேண்டும் என்று வேலை நடந்தது. 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவு ஆரம்பித்தது. 1958 வாக்கில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அரசாங்கம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. உன் ஊர்ப் பள்ளிக்கு உன்னால் முடிந்ததைக் கொடு என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கடிகாரம் கொடுத்தார். நம் பள்ளியின் வெண்கல மணி அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் வரிவசூல் போட்டு வாங்கியது என்று என் மாமியார் சொல்வார்கள். அந்த வசூலில் அவர்கள் வீட்டில் இருந்து போனது ஒரு மரக்கால் நெல்.

1958ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. அதன்படி 1960, 61ல் பஞ்சாயத்து யூனியன்கள் உண்டாயின. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் யூனியன் கைக்குப் போயின. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று போர்டில் எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான். கட்டடம் யூனியனுடையது, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதும் யூனியன், வாத்தியாரை மாற்றுவதும் யூனியன் தலைவர். அதில் தொல்லை இருந்தது. யூனியன் தலைவருக்குப் பிடிக்காத வாத்தியாரை மாவட்டத்து மூலைக்குத் தூக்கி அடித்த கதைகளை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். சம்பளம் நேரத்துக்கு வராது. ஆசிரியர்கள் போராடினார்கள். 1981 ஜூன் 1ஆம் தேதியில் இருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது நியாயம். ஆசிரியர்களுக்கு அது விடுதலை மாதிரி.

ஆனால் வாத்தியார் அரசாங்கத்துக்குப் போனார், கட்டடம் யூனியனிலேயே நின்றுவிட்டது. அன்றில் இருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்வது கல்வித்துறை, பிள்ளை தலைக்கு மேலே இருக்கிற கூரை ஊரக வளர்ச்சித்துறை. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது சமையலறைக்கு மூன்றாவதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். சாப்பாடு போட்டதைக் குறை சொல்ல மாட்டேன், என் மூன்று பிள்ளைகளும் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள். பொறுப்பு இப்படிக் கூறுபோட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். நல்லது நடந்தால் மூன்று பேரும் வந்து நிற்பார்கள். காரை விழுந்தால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். எந்த அதிகாரியும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை அடுத்த மேஜைக்குத் தள்ளினால் தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஏற்பாடு அது.

இதைக் கும்பகோணத்தில் பார்த்தோம். 2004 ஜூலை 16. மதிய உணவு அடுப்பில் இருந்து பிடித்த தீ ஓலைக்கூரையில் பரவி 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்திருக்கின்றன. மாடிக்கு ஓலைக்கூரை. அதைப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு நம் குழுக் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம், புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது.

கும்பகோணத்துக்குப் பிறகு நடந்த ஒன்றை நான் மறக்க மாட்டேன். நம் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கு ஓலைதான் கூரை. அதை மாற்றச் சொல்லி டீச்சர் எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தார்கள். பள்ளிகளில் ஓலைக்கூரை இருக்கக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டதும் ஒரே மாதத்தில் ஓலை இறங்கியது, ஓடு ஏறியது. வருஷக்கணக்கில் நிதி இல்லை, அனுமதி இல்லை என்று சொன்னது ஒரு மாதத்தில் நடந்தது. அப்படியென்றால் அது முடியாத காரியமாக என்றைக்குமே இருந்ததில்லை. 2009ல் காரை விழுந்து மனுவோடு நாங்கள் அலைந்தபோது இதைத்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டோம்.

2010 ஏப்ரல் 1ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 60 பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், எல்லாப் பருவத்தையும் தாங்குகிற கட்டடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், இவ்வளவும் அதில் எழுதியிருக்கிறது. கட்டடம், கழிப்பறை வகையறாவுக்கு மூன்று வருஷ அவகாசம் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 3ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளியிலும் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம் பள்ளியில் கழிப்பறை இல்லாமல் இல்லை. 2006லேயே கட்டினார்கள். தண்ணீர் இணைப்புத்தான் கொடுக்கவில்லை. கணக்கில் கழிப்பறை உண்டு, ஆகவே நம் பள்ளி எந்தக் குறைப் பட்டியலிலும் வராது. பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று ஒருநாள் தேடினோம். டீச்சர் முன்னாள் தலைவரிடம் என்றார்கள், அவர் கான்ட்ராக்டரிடம் என்றார். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பல நாள் திரும்பப் போவதில்லை. அம்மாக்கள் களையெடுக்கப் போயிருப்போம். பிள்ளை திரும்பப் போகவில்லை என்பது சாயந்தரம்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில் வட்டார அளவில் நடந்த ஒரு பயிற்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு எழுதினால் 30 நாளில் பதில் தரணும் என்றார்கள். நாங்கள் இரண்டே கேள்வி கேட்டோம். நம் பள்ளிக் கட்டடம் பற்றித் தலைமை ஆசிரியர் எழுதிய கடிதங்கள் எந்தத் தேதியில் வந்தன? அவற்றின் மேல் என்ன செய்தீர்கள்? முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. மூன்று கடிதமும் வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்றின் மேலும் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது என்று எழுதியிருக்கிறது. எங்கே அனுப்பப்பட்டது என்று இல்லை. அந்தப் பதிலின் ஜெராக்ஸ் நம் தகரப் பெட்டியில் இருக்கிறது, மஞ்சளாகிப் போனது.

ஆனாலும் ஒரு பலன் கிடைத்தது. கேள்வி கேட்கிற ஊர் என்று தெரிந்ததும் இன்ஜினியர் வந்தார். தட்டிப் பார்த்தார், தாழ்வாரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். இடிக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. ஒரு கயிறு கட்டினார்கள். அதோடு அந்த இடம் எல்லோருக்கும் முடிந்துபோன விஷயம் ஆகிவிட்டது. அதன் பிறகு நூறு பிள்ளைகள் இரண்டு அறையில் அடைந்தார்கள்.

இங்கே நம்மைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இது பொய் வரலாறு ஆகிவிடும். உள்கடன் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். 1999, 2000த்தில் கடன் எதற்கு என்ற கட்டத்தில் ஆடு, உரம், மருத்துவம், காதுகுத்து என்றிருக்கும். 2008க்குப் பிறகு ஒரு புது வார்த்தை வருகிறது: பள்ளிக் கட்டணம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அது கூடிக்கொண்டே போகிறது. டவுனில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேன் வந்தது. காரை விழுகிற பள்ளிக்கூடத்தில் யார் பிள்ளையைப் போடுவார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. மனு கொடுக்கப் போன நான்கு பேரில் இரண்டு பேர், என்னையும் சேர்த்து, பேரப்பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டோம். குழுவில் கடன் வாங்கி, வட்டி கட்டி, நம் ஊர்ப் பள்ளியைக் காலி செய்தது நாமும்தான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. குறைந்ததும் பணிநிரவல் என்று சொல்லி ஒரு ஆசிரியரை எடுத்தார்கள். இருந்த இரண்டு பேரில் ஒருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர். அதைப் பார்த்து இன்னும் நான்கு பிள்ளைகள் வேனில் ஏறின. மோட்டார் ஓடாத கிணற்றில் தண்ணீர் வற்றுகிற மாதிரி இல்லை இது. இறைக்க இறைக்க வற்றியது, இறைத்ததில் நம் கையும் இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டத்தில் இருக்கிறது. முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள். அதற்கு முன்னால் கிராமக் கல்விக் குழு இருந்தது. இரண்டிலும் நம் உறுப்பினர்கள் பேர் உண்டு. ஆனால் ரொம்ப காலம் அது கையெழுத்துக் குழுதான். நோட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று வாங்கிப் போவார்கள். நம் குழுவில் பத்து ரூபாய் சந்தா விட்டுப்போனால் அரைமணி நேரம் கேள்வி கேட்கிற நாம், பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டோம். 2014 மார்ச் மாதக் கூட்டத்தில்தான், செலவுக் கணக்கை வாசித்துக் காட்டாமல் நம் உறுப்பினர் யாரும் பள்ளி நோட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். புது டீச்சருக்கு முதலில் வருத்தம். பிற்பாடு அவர்களே போர்டில் எழுதிப்போட ஆரம்பித்தார்கள். வந்தது எவ்வளவு சின்னத் தொகை என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்து, பாய் வாங்கி, மின்கட்டணம் கட்டினால் தீர்ந்தது. டீச்சரைச் சந்தேகப்பட்டதற்கு அவர்களிடமே வருத்தம் சொன்னோம்.

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சித் தலைவர் இல்லை, ஒன்றியக் கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர் ஒருவர் எத்தனையோ ஊராட்சியைப் பார்த்தார். கிராமசபையில் மனுவை யாரிடம் கொடுப்பது? கொடுத்தோம், வாங்கினார்கள். 2018ல் கல்வித்துறையில் பதவிகளை மாற்றி அமைத்தார்கள், ஏ.இ.இ.ஓ. ஆபீஸ் வட்டாரக் கல்வி அலுவலகம் ஆனது. போர்டு மாறியது. நம் ஃபைல் பழைய பீரோவில் இருக்கிறதா, புது பீரோவில் இருக்கிறதா என்று தேடவே ஒரு மாதம். அதே வருஷம் நவம்பர் 16ல் கஜா புயல். தென்னை போனது, வீடு போனது. பள்ளியின் தாழ்வாரம் மட்டும் விழாமல் சாய்ந்து நின்றது. விழுந்து தொலைந்திருந்தாலாவது கேட்க வசதியாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நாங்கள் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பிறகு கொரோனா. பள்ளி பூட்டிக் கிடந்தது. ஒன்று முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1ல் திறந்தார்கள். ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது, டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பையன்கள் செத்துப்போனார்கள். டிவியில் அந்தச் செங்கல் குவியலைப் பார்த்தபோது எனக்கு 2009ல் பாயில் விழுந்த காரை ஞாபகம் வந்தது. மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. நம் ஊருக்கு ஜே.சி.பி. வந்தது 2022 ஜனவரியில். பன்னிரண்டரை வருஷ மனு, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. தாழ்வாரத்தோடு ஒட்டியிருந்த வகுப்பறையும் பலவீனம் என்று அதையும் இடித்தார்கள். மறுநாள் பிள்ளைகள் உட்கார இடமில்லை. யாரும் அதை யோசிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவசரக் கூட்டம் போட்டோம். நம் கூட்டமைப்புக் கட்டடத்தைப் பள்ளிக்குக் கொடுப்பது என்று தீர்மானம். ஒரு கருத்து வேறுபாடும் வந்தது, அதையும் பதிவு செய்கிறேன். "நாம இடம் குடுத்துட்டா அவங்க புதுக் கட்டடத்தை மறந்துருவாங்க" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது சரியான பயம்தான். அதனால் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தோம்: புதிய கட்டடம் தொடங்கும் தேதியை எழுத்தில் கேட்டு, மாதம் ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிறந்த குழுவின் கட்டடத்தில் பள்ளிக்கூடம் பதினேழு மாதம் நடந்தது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நாங்கள் கோயில் திண்ணைக்குப் போனோம். நினைவூட்டுக் கடிதம் பதினேழும் போயின. எழுதியது எங்கள் பிரதிநிதி தங்கச்சி, அவள் அறிவொளிக்குப் போன ஒருத்தியின் மகள், டிகிரி படித்தவள்.

அந்த 2022லேயே பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் பெற்றோரைக் கூட்டித் தேர்ந்தெடுத்துத் திருத்தி அமைத்தார்கள். தலைவர் ஒரு அம்மாவாக இருக்க வேண்டும் என்று வந்தது. நம் ஊரில் தலைவியானவள் நம் உறுப்பினர், நூறு நாள் வேலைக்குப் போகிறவள். முதல் கூட்டத்தில் அவள் கேட்டது புதுக் கட்டடம் இல்லை. மாற்றுப்பணியில் போன ஆசிரியர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டாள். அதற்கும் ஆறு மாதம் ஆனது. வந்தார். பேராசிரியர் அன்பழகன் பெயரில் வந்த பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் இரண்டு வகுப்பறை கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள். திறப்பு விழாவில் மூன்று துறைக்காரர்களும் மேடையில் இருந்தார்கள். டீச்சரின் பழைய ஃபைலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓய்வு பெற்றுப்போன அந்த டீச்சரை நாங்கள்தான் கூப்பிட்டு, பெண்கள் வரிசையில் எங்களோடு உட்காரவைத்தோம்.

2023 ஆகஸ்ட் 25ல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க வந்தது. நம் உறுப்பினர்கள் காலை ஐந்தரை மணிக்கே போய் உப்புமாவும் பொங்கலும் செய்கிறார்கள். வேனில் போன பிள்ளைகளில் ஏழு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். என் கடைசிப் பேத்தியும் அதில் ஒருத்தி. பாட்டி மனு கொடுத்த பள்ளியில் பேத்தி படிக்க இவ்வளவு நாளானது.

கழிப்பறைக் கதை மட்டும் பாக்கி. தண்ணீர் இணைப்பு 2023ல் புதுக் கட்டடத்தோடு வந்தது. இப்போது சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை. அந்தப் பணம் ஊரக வளர்ச்சித்துறை வழியாக வரணும், வேலை வாங்குவது கல்வித்துறை. அந்த அம்மா நம் இரண்டாவது குழு உறுப்பினர். நான்கு மாதச் சம்பளம் நின்றதால் குழுவில் அவசரக் கடன் வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் பாவம் என்று வேலைக்கு மட்டும் நிற்காமல் வருகிறார். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு உள்ளாட்சிகளின் காலம் மறுபடியும் முடிந்துவிட்டது, மறுபடியும் தனி அலுவலர். போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் எண் 4: சம்பள பாக்கி பற்றி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரே கடிதத்தை இரண்டு பேர் முகவரியும் போட்டு, ஒரே நாளில் நேரில் கொடுத்து, இரண்டு ஆபீஸிலும் சீல் வாங்குவது. வருகிற செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி பஸ். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறோம், வர முடிந்தவர்கள் வந்துவிடுங்கள். கழிப்பறைச் சாவி இப்போது காலை உணவு சமைக்கும் தங்கச்சியிடம் இருக்கிறது.